பொன்மணி மாட்டு வைரஸ்

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால், ஒரே கொட்டகையில் மாடு கட்டிப் பால் ஊற்றுகிறவர்கள் முத்தம்மாவும் பொன்மணியும். பொன்மணியின் மாடு ஒரு படி கூடுதலாகக் கறந்தாலே முத்தம்மாவுக்குச் சோறு இறங்காது.

ஆராய்ச்சிக்காக இரண்டு மாட்டுச் சாணத்தையும் எடுத்துப்போன கல்லூரி மாணவி ஜெனிதா திரும்பி வந்தாள். மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்று பொன்மணியின் மாட்டுச் சாணத்தில் கிடைத்ததாம்.

"எம்மாட்டுல இல்லியா?" என்றாள் முத்தம்மா.

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியாம்மா? ரெண்டும் ஒரே வைக்கோலத்தான துன்னுது!"

பொன்மணி தன் மாட்டுக்கு மாலை போட்டாள். முத்தம்மாவுக்கு வயிறு எரிந்தது. அன்று பால் ஊற்றிய வீடுகளிலெல்லாம், "பொன்மணி மாட்டுல வைரஸ் கீதாம். நமக்கின்னா, காதுல வுழுந்தத சொன்னேன்" என்றாள்.

கோமியத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கும் தெரு, அந்த ஒரு சொல்லுக்கு அரண்டது. ஒரே கொட்டகை என்பதால் மறுநாள் இருவரிடமும் யாரும் பால் வாங்கவில்லை.

வேறு வழியில்லாமல் முத்தம்மாவே வீடு வீடாகப் போனாள். "அது கெட்ட கிருமியத்தான் கொல்லுமாம். மனுசன ஒண்ணியும் பண்ணாதாம். பாலக் காய்ச்சிக் குடிங்க, போதும்."

மாடி வீட்டு கங்காதரன் யோசித்தார். "அப்படின்னா நல்ல வைரஸ்தான். உன் மாட்டுலயும் இருக்கா?"

முத்தம்மா பல்லைக் கடித்தாள். "இல்ல சார். அவ மாட்டுலதான் கீது."

"அப்ப நாளையிலேர்ந்து பொன்மணியையே ஊத்தச் சொல்லு."