ஏழாம் எண் மிதவை

மெரின் ஹாடோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபது வருடம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கியவர். முழங்கால் மறுத்ததும் டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் கார்வன் ஆற்றுக்கு வந்து, சிப்பி வளர்ப்போர் சங்கத்தில் மிதவைகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

மொத்தம் பன்னிரண்டு மிதவைகள். ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீரின் உப்பை அளக்கும் சென்சார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தன் எண்ணையும் அளவையும் மேட்டிலுள்ள டவருக்கு அனுப்பும். கடல் நீரில் முப்பத்தைந்து வரை இருக்கும். பெருமழையில் மேலிருந்து சாக்கடை கலந்த நன்னீர் இறங்கினால் உப்பு குறையும். இருபத்தெட்டுக்குக் கீழே போனால் யாரும் சிப்பி எடுக்கக் கூடாது. மீறி எடுத்தால், தின்றவர்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். ஆற்றை ஒரு வருடத்துக்கு மூடிவிடுவார்கள்.

கார்வனில் எதற்கும் தனிச் சொந்தம் கிடையாது. ஒருவர் படகு பழுதானால் அடுத்தவர் படகு. மிதவையும் அப்படித்தான். ஒன்று செத்துவிட்டால் பக்கத்துக்காரர் தன்னிடமுள்ளதைக் கொண்டுவந்து, போனில் அதற்குப் பழையதன் எண்ணைக் கொடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவார். அதற்கு வசதியாகப் பன்னிரண்டுக்கும் உபரிகளுக்கும் ஒரே ரகசியச் சாவிதான், டவர் நம்புவதற்கான கடவுச்சொல். ஒவ்வொரு மிதவைக்கும் தனிச் சாவி போட வேண்டும், இல்லாவிட்டால் பேசுவது யார் என்று டவருக்குத் தெரியாது என்று மெரின் போன வருடக் கூட்டத்தில் சொன்னார். ஒரே ஒரு கை தூக்கப்பட்டது. அது அவர் கைதான்.

டிசம்பர் பதினெட்டு. நான்கு நாள் மழை ஓய்ந்து வெயில் அடித்தது. பெரிய சிப்பிப் பாத்திகளின் நடுவே மிதக்கும் ஏழாம் எண் முப்பத்து மூன்று காட்டியது. பாத்திகளை அறுவடைக்குத் திறப்பது ஏழாம் எண்ணைப் பார்த்துத்தான். காலை ஒன்பது மணிக்குச் சங்கத் தலைவி யூனா ஸ்கெல்டன் அனுமதி கொடுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் சரக்கு. ஒரு மணிக்கு லாரி.

ஒன்பதரைக்கு மெரின் திரையைப் பார்த்தார். முப்பத்து மூன்று. அதற்கு முன்னும் அதுவே. இரவு முழுக்க அதுவே. கடல் ஓதம் வடியும்போது ஆற்று நீர் கீழே வரும், எண் இறங்க வேண்டும். இது சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

சந்தேகத்துக்குரிய எண்களை டவர் ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கும். அந்தப் பட்டியலைத் திறந்தார். அங்கேயும் ஏழு இருந்தது. இருபது, பத்தொன்பது, பதினெட்டரை. முப்பத்து மூன்றுக்கு நடுவே திடீரென்று குறைகிறது, ஏதோ கோளாறு என்று டவர் அவற்றைத் தள்ளியிருந்தது. ஒரே எண்ணில் இரண்டு பேர் பேசுகிறார்கள். இரண்டு பேரிடமும் சரியான சாவி.

யூனாவுக்குப் போன் போட்டார்.

"நிறுத்தச் சொல்லு யூனா. ஏழு ரெண்டா இருக்கு."

"என்னது ரெண்டா? படகு எல்லாம் போயாச்சு. எது பொய்னு சொல்லு, இப்பவே நிறுத்துறேன்."

"அதத்தான் என்னால இங்கருந்து சொல்ல முடியல."

"அப்ப நேர்ல பாத்துட்டுச் சொல்லு. சும்மா நிறுத்தினா அந்தாளுங்க என்னைய ஆத்துல தூக்கிப் போட்டுருவாங்க."

மெரின் கைக்கருவியை எடுத்துக்கொண்டு சிறுபடகில் கிளம்பினார். பாத்திக்குப் போக இருபத்தைந்து நிமிடம். டெஸ் கிரிம்வுட் அங்கே முப்பது கூடைகளைத் தூக்கித் தன் படகில் அடுக்கிவிட்டார். நாற்பது வருடமாகச் சிப்பி வளர்ப்பவர். போன வருடக் கூட்டத்தில் மெரினைப் பார்த்து அதிகம் சிரித்தவரும் அவர்தான்.

மெரின் கருவியைத் தண்ணீரில் விட்டார். பதினெட்டு.

"டெஸ், போதும். எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க."

"உன் கருவி எந்தக் காலத்துது? என் பாட்டன் வாட்ச் கூட அதவிடச் சரியா மணி காட்டும்."

"தண்ணி நாத்தம் தெரியலையா உங்களுக்கு?"

"மழைக்கப்புறம் ஆறு என்ன அத்தரா மணக்கும்? டவர் முப்பத்து மூணுன்னுது. நான் டவரத்தான் நம்புறேன். நீதான நம்பச் சொல்லிக் குடுத்த."

மெரினுக்கு அது சுருக்கென்றது. பக்கத்தில் மிதந்த ஏழாம் மிதவையைத் தொட்டுப் பார்த்தார். புத்தம் புதுப் பெயிண்ட்.

"இது எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வாரம் ஆச்சு. பழசுல பேட்டரி செத்துப்போச்சு. என் உபரியப் போட்டேன்."

"பழசு எங்க?"

"கொட்டகைலதான். சென்சார் முனை காஞ்சா வீணாப்போயிரும்னு நீதான சொன்ன? தொட்டில கடல் தண்ணி ஊத்தி ஊறப் போட்டிருக்கேன்." அடுத்த கூடையை இழுத்தார். "முந்தாநாள் பேட்டரியும் மாத்தினேன்."

டெஸ்ஸின் கொட்டகை டவர் நிற்கும் மேட்டுக்கு நேர் கீழே. மெரின் மறுபடி யூனாவை அழைத்தார்.

"டெஸ் கொட்டகைக்கு ஓடு. தொட்டில ஒரு மிதவை கெடக்கும். தூக்கித் தரைல வை. அணைச்சிராத. வேற எதையும் தொடாத."

"எதுக்கு?"

"போயேன், சொல்றேன்."

பிறகு காத்திருப்பு. இரண்டு படகுகளும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஆடின. மற்ற மூன்று படகுகள் தூரத்தில் வேலையை நிறுத்தாமல் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தன. டெஸ் கையுறையைக் கழற்றவில்லை. ஒரு கூடையின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். 'தூக்கி வச்சுட்டேன்' என்று யூனாவிடமிருந்து செய்தி வந்தது. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம்.

"முப்பத்து மூணே வந்தா?" என்றார் டெஸ்.

"வந்தா லாரிக்கு நானே ஏத்தி விடுறேன். வேலையையும் விட்டுட்டுப் போறேன்."

போனில், டவர் ஒதுக்கிய எண்களின் பட்டியலில் ஒரு புது வரி வந்தது. ஏழாம் எண்: பூஜ்யம்.

மெரின் போனை டெஸ்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். கீழே தண்ணீரில் புது மிதவை நன்றாகவே நனைந்துகொண்டிருந்தது. டெஸ் திரையைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார். இரண்டு நாளாக ஆறு பேசுகிறதென்று ஊரே கேட்டது அவர் கொட்டகைத் தொட்டியை.

அவரே ரேடியோவை எடுத்தார். "எல்லாரும் கேளுங்க. தூக்கினத எல்லாம் திரும்பத் தண்ணில போடுங்க. ஒண்ணு கூடக் கரைக்குப் போகக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க, தப்பு என்னோடது."

லாரி காலியாகப் போனது. பாத்திகள் திறந்தபோது கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்து நாள். அந்த வருடம் கார்வன் சிப்பி யார் விருந்திலும் இல்லை. யாரும் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் மெரின் அதே தீர்மானத்தை மறுபடி வாசித்தார். ஒவ்வொரு மிதவைக்கும் தனிச் சாவி. டவர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கேள்வி கேட்கும். சொந்தச் சாவியால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். எண்ணை மட்டும் மாற்றி ஏமாற்ற முடியாது. எல்லோர் பார்வையும் டெஸ் பக்கம் போனது.

"இனிமே ஒரு மிதவை இரவல் குடுக்கணும்னாக் கூட உனக்கு மனு போடணுமா?" என்றார் அவர்.

"போன் போட்டாப் போதும். பழசோட சாவிய ரத்து பண்ணிட்டுத்தான் புதுசுக்கு எண் குடுப்பேன்."

"ஞாயித்துக்கெழமைல?"

"ஞாயித்துக்கெழமைலயும்."

டெஸ் முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூக்கினார்.