தஸ்தகீர் பாயின் வெள்ளைத் துணி

தருமபுரியில் சேலம் ரோட்டோரம் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தஸ்தகீர் பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் இன்ஜினை முழுக்கப் பிரித்து வேலை பார்த்த வண்டி கொஞ்ச தூரம் ஓடித் திரும்பி வந்ததும், அதன் முதல் ஆயிலை இறக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். மேலே மண்ணெண்ணெய் விட்டுக் கறுப்பை அலசிவிட்டுத் துணியை வெயிலில் விரித்துப் பிடிப்பார். உள்ளே இரும்பு அரைபட்டிருந்தால் அதில் மினுமினுவென்று தெரிந்துவிடும். ஷெட்டில் கிடக்கும் கரித்துணியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதில் எந்த வண்டியின் தூள் ஒட்டியிருக்கிறதோ, யார் கண்டது! அவர் மனைவி ஷகிலா சலவைச் சோடாவில் வேகவைத்துக் கல்லில் அடித்துத் துவைத்துத் தரும் துணிதான் வேண்டும். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லோரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாய் "சுத்தம்" என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் டீ வரும். துணியில் எதைப் பார்த்தாலும் வண்டிக்காரர்களுக்கு அவர் வார்த்தைதான் தீர்ப்பு.

சில வருஷங்களாக எந்தத் துணியை எடுத்தாலும் சுத்தம்தான். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தக் காலத்துல மொத ஆயில்ல கொஞ்சமாச்சும் மினுக்கும். இப்ப வர்ற பிஸ்டன் ரிங்கு நல்ல சரக்குங்க" என்று டீக்கடையில் ரிங் கம்பெனிக்குச் சம்பளம் இல்லாமல் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்.

போன வருஷம் திடீரென்று ஷகிலா, கண்ணைக் காட்டுங்கள் என்று நச்சரிக்க ஆரம்பித்தாள். என் கண்ணுக்கு என்ன குறைச்சல் என்று பாய் எகிறினார். அவள் விடவில்லை. இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொன்னபோது பாய் ஏதோ அவமானப்பட்டவர் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் நடந்தது. ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் அலீனா வந்து பார்த்துவிட்டு, இனி ஷெட்டை மூடிவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னாள். "ஒரே ஒரு இன்ஜின் பாக்கறேன். அது சரியா வரலன்னா நானே பூட்டிடறேன்" என்று பாய் வாக்குக் கொடுத்தார். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை, யோசித்துத்தான் சொன்னார்.

அந்த ஒரே இன்ஜின் மாரப்பனுடைய ஜீப்பாக அமைந்தது. மாரப்பன் சித்தேரி மலைக்கும் அரூருக்கும் ஆளும் மூட்டையும் ஏற்றி ஓட்டுகிறவர். வேலை முடித்துக் கொடுத்தபோது, முதல் ஆயில் மாற்றும் வரை மலை ஏறக்கூடாது, பாரம் கூடாது, ஒரே வேகத்தில் விரட்டவும் கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாரப்பன் அப்படியே கேட்டார். காலி ஜீப்பைச் சமவெளி ரோட்டில் போவதும் வருவதுமாக ஓட்டிக்கொண்டிருந்த அவரைப் பார்த்து, புதுசா டிரைவிங் கத்துக்கறியா என்று ஊரே கிண்டலடித்தது.

ஆயில் மாற்ற மாரப்பன் வந்தார். பாய் துணியை வெயிலில் விரித்தார். துணி முழுக்க மினுமினுத்தது. ஒரு மூலையில் என்று இல்லை, எல்லா இடத்திலும். இத்தனை வருஷத்தில் இவ்வளவு மினுக்கை அவர் பார்த்ததாக நினைவே இல்லை.

"என்னங்க பாய், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"வண்டி இங்கயே நிக்கட்டும் மாரப்பா. நீ வூட்டுக்குப் போ. நான் ஃபோன் பண்றேன்."

மாரப்பன் துணியைப் பார்த்தார், பாயின் முகத்தைப் பார்த்தார். டீ வராது என்று தெரிந்துபோயிற்று. ஜீப்பை விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பாய் ஜீப்புக்கு அடியில் படுத்து ஆயில் சட்டியைக் கழற்றினார். பேரிங் ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் வருடினார். நகம் எங்கும் தட்டவில்லை. டார்ச் அடித்து சிலிண்டரைப் பார்த்தார். உள்சுவரைக் கடைந்து போர் போட்டபோது விழுந்த கோடுகள் கலையாமல் அப்படியே இருந்தன. ஒரு கீறல் கிடையாது. கோளாறு தென்பட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார். கோளாறு இருந்தும் தன் கண்ணுக்கு அகப்படவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஷகிலா சோறு கொண்டுவந்தபோது அவர் துணியை மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அலீனாவுக்கு ஃபோன் போடு. முடிஞ்சுது" என்றார்.

"என்ன முடிஞ்சுது?"

"பாரு, எப்படி மினுக்குதுன்னு."

ஷகிலா துணியை வாங்கி வெயிலில் காட்டினாள். "இதுக்குத்தானா? எப்பவும் இருக்கறதுதானேங்க?"

"எப்பவுமா?"

"ஏரியூர் கோவிந்தன் வண்டித் துணி, பச்சியப்பன் வண்டித் துணி, எதுல இல்ல? தொவைக்கிற கல்லு மேல வெள்ளித் தூளாட்டம் படியும். தேச்சுத் தேச்சுக் கழுவறவ நான்."

"நான் சுத்தம்னு இல்ல சொன்னேன்?"

"சொன்னீங்க. சொல்லிட்டு அதே துணிய எங்கிட்ட போட்டீங்க. அதுக்கப்புறம்தானே கண்ணக் காட்டுங்கன்னு உங்க உசுர வாங்கினேன்."

பாய் துணியைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை வெயிலில் பார்த்தார். அந்த வண்டிகளெல்லாம் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புது ரிங் சிலிண்டரில் உரசிப் படியும்போது முதல் ஆயிலில் இந்த மினுக்கு வந்தே தீரும். இளவட்டமாக இருந்தபோது அவருக்கே தெரிந்த விஷயம். மினுக்கு நின்றுபோனது கண்ணில்தான், ரிங்கில் இல்லை.

"அப்பவே விஷயத்தச் சொல்லியிருக்கலாமில்ல?"

"துணியப் புடிச்சிக்கிட்டு வண்டிக்காரங்க முன்னாடி அவ்ளோ பெருமையா நின்னீங்க. எனக்கு மனசு வரலைங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு மாரப்பனுக்கு ஃபோன் போட்டார்.

"மினுக்குது மாரப்பா. மொத ஆயிலு, அப்படித்தான் இருக்கும். அடுத்த ஆயில்ல இருந்துச்சுன்னா எஞ்சட்டையப் புடி. இப்ப வந்து டீ குடிச்சிட்டு வண்டிய எடுத்துட்டுப் போ."

ஷகிலா காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் துணிக்கும் கையை நீட்டினாள். பாய் கொடுக்கவில்லை.

"இது இருக்கட்டும். இத நான் தொவைக்கறேன்" என்றார்.