வலப்பக்கம் பூசிய கூரை

கட்டடங்களின் கூரையைச் சோதித்து அறிக்கை எழுதுகிற அந்த மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் 'டொக்டொக் சார்' என்று பெயர். மேசைமேல் ஏறி நின்று, கூரையின் அடிப்பக்கத்தை மரச்சுத்தியால் தட்டிக் கேட்பார். கெட்டியாக ஒலித்தால் விட்டுவிடுவார். 'தொப்' என்று கேட்டால் பூச்சு கழன்றிருக்கிறது என்று அர்த்தம். சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் பிடிப்பார். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. மனிதர்களையும் அப்படியே தட்டிப் பார்க்கிற வியாதி எப்போது தொற்றியதோ, யாராவது வணக்கம் சொன்னால்கூட, இவன் எதற்கு அடி போடுகிறான் என்றுதான் யோசிப்பார்.

தங்கை வேலை பார்க்கும் தையற்கூடத்துக்கு அவர் முதலில் போனது நான்கு மாதத்துக்கு முன்பு. துணி வெட்டும் மேசையில், கதவுப் பக்கம் கால் நீட்டி மல்லாந்து படுத்து, விரிசல்களை வரைந்தார். மல்லாந்து வரைந்தால் இடமும் வலமும் மாறிப்போகும். அதனால் தாளைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமாகப் படியெடுத்துத்தான் அறிக்கையில் சேர்ப்பது வழக்கம். அன்று முதலாளி, காபி வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டுத் தொலைத்தார். இவ்வளவு உபசாரம் எதற்கு? எதையோ மறைக்கிறான்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதலாளியையே கவனித்தபடி மற்றதையெல்லாம் முடித்தார்.

அதே வாரத்தில் ஒரு நாள் அறிக்கையைப் பார்த்துத் தங்கையிடம் சொன்னார்.

"வலது பக்கம் மோசமா இருக்கும்மா. உன் மிஷினை இடது பக்கம் மாத்திக்க."

"சரிண்ணே."

இன்று மராமத்து முடிந்து, சரிபார்க்க வந்திருக்கிறார். கூரை முழுவதும் புதுச் சுண்ணாம்பு. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. வலப்பக்கம் தட்டினார், கெட்டி. இடப்பக்கம் தட்டினார்.

தொப்.

இரண்டடி தள்ளித் தட்டினார். தொப். நேர் கீழே தங்கை காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எந்திரி, இங்க வா!" என்று அவளை இழுத்துக்கொண்டு, வாசலில் நின்ற கொத்தனாரிடம் பாய்ந்தார். "யார் காதுல பூ சுத்துற? வலப்பக்கம் மட்டும் பூசிட்டு, இந்தப் பக்கத்துக்கு வெள்ளையடிச்சு ஏமாத்துறியா?"

"வெள்ளையடிச்சது முதலாளிதான் சார், நான் வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை, பூசினப்புறம் ஒரு தடவை. உங்க சாக்பீஸ் வட்டமெல்லாம் முதல் தடவையே மறைஞ்சு போச்சு. நான் உங்க படத்தைப் பார்த்துத்தான் பூசினேன்."

கொத்தனார் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். கீழே கதவு, வலப்பக்கம் விரிசல், ஓரத்தில் இவருடைய கையெழுத்து. மல்லாந்து வரைந்ததை அன்று திருப்பவே இல்லை.

"கொத்தும்போதே தெரிஞ்சுது சார். வலப்பக்கத்துப் பழைய பூச்சு இரும்பு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, வேலைக்கு டிமிக்கி குடுக்கப் பாக்குறேன்னு சொல்லுவீங்க. உங்ககிட்ட யார் சார் வாயைக் குடுக்குறது?"

அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

தங்கைக்கு மெதுவாக விளங்கியது. "ஏண்ணே, நாலு மாசமா அதுக்கு அடியிலயா உட்கார்ந்திருந்தேன்?"

"தப்பு என்னோடதும்மா."

"பக்கத்து மிஷின் அக்கா அப்பவே சொன்னாங்க, தலையில மண்ணு உதிருது, வேற இடம் போறேன்னு. எங்க அண்ணன் யாரையும் நம்பாதவரு, அவர் பார்த்த கூரையில தப்பு இருக்காதுன்னு நான்தான் அவங்களைத் தடுத்து உட்கார வச்சேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த அக்கா இன்னும் அதே இடத்தில், தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். தங்கையை இழுத்து வந்தவருக்கு, சண்டை போடுகிற அவசரத்தில், அவளையும் எழுப்பத் தோன்றவில்லை.

"எந்திரிம்மா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.