நீலத்தொட்டித் தெரு

கிளாரினெட்டை உதட்டில் வைத்தால் மிக்கேலின் கண்கள் மூடிக்கொள்ளும். சாவு ஊர்வலங்களுக்கு முன்னால் அப்படியே தூக்கத்தில் நடப்பவரைப் போலப் புதுச்சேரித் தெருக்களில் வாசித்தபடி போவார். ஒருநாளும் இடறியதில்லை.

வாசிப்பு முடிந்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். மிக்கேல் அந்தத் தெருவிலேயே நின்று யாரையாவது பிடித்துக்கொள்வார். "உங்க முன்னோருங்க எங்கேருந்து வந்தாங்க? ஏன் வந்தாங்க?" பஞ்சத்துக்கு ஓடிவந்தவர்கள், படைக்குப் பயந்து வந்தவர்கள், தறியோடு வந்தவர்கள் என்று ஊரே அவர் தலைக்குள் நடமாடியது. "சண்டையில யாரு ஜெயிச்சான்னு எல்லாரும் சொல்றாங்க. அன்னைக்கு இந்தத் தெருவுல உலை கொதிச்சுதான்னு கேட்டா முழிக்கிறாங்க" என்பார்.

"செத்தவன் வீட்டுல போய் அவன் பாட்டனைத் தேடுற ஒரே ஆளு நீதான் மாமா" என்பான் பக்கிரி. பகலில் ஆலைத் தொழிலாளி, மிக்கேல் குழுவில் டிரம் அடிப்பவன்.

அவர்கள் இருந்த தெருவுக்கு ஊர் வைத்திருந்தது ஒரு சாதியின் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஊர் சொன்னது போதும்.

மிக்கேலின் மகள் ரோசா கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். ஜவுளிக்கடை கிருஷ்ணசாமி வீட்டில் பெண்களுக்குப் பூவேலை கற்றுத்தர ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டுப் போனாள். அவள் தைத்த துணியை வீட்டம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வியந்தார். பிறகு கேட்டார்: "எந்தத் தெரு?" ரோசா சொன்னாள். துணி திரும்ப அவள் கைக்கு வரவில்லை, வாசற்படியில் விழுந்தது. நூலுக்கு இல்லாத தீட்டு, ஊசிக்கு இல்லாத தீட்டு, ஒரு தெருப்பெயருக்கு வந்துவிட்டது. இதை எந்த வேதம் சொன்னாலும் அது அயோக்கியத்தனம்தான்.

அதற்குப் பிறகு ரோசா எங்கேயும் வேலை கேட்டுப் போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் நகராட்சி தெருக்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டத் தொடங்கியது. தெருக்காரர்கள் ஒருமனதாக ஒரு பெயர் சொன்னால் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். ஒருமனம் எங்கே இருந்தது? மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தோணியார் என்றார்கள், மற்றவர்கள் மாரியம்மன் என்றார்கள். சாதியில் ஒன்றாக மிதிபட்டவர்கள் சாமியில் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிக்கேல் எல்லாரையும் இழுத்துக்கொண்டு தெருக்கோடிச் சாக்கடையைத் தூர்வாரப் போனார். பக்கிரியின் மண்வெட்டி ஒரு சுண்ணாம்புச் சுவரில் தட்டியது. தோண்டத் தோண்டத் தொட்டியாக விரிந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். உட்சுவர் முழுக்க மழைமேகத்தின் நீலம்.

மிக்கேல் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். வாத்தியம் இல்லாமலே கண்கள் மூடின. நீலச் சாயத்துக்காக அவுரித் தழை ஊறும் வாடை வந்தது. முழங்காலளவு நீலத்தில் ஆணும் பெண்ணும் நின்றார்கள். ஒருத்தி நீலக் கையால் குழந்தைக்குச் சோறூட்டினாள். அவர்கள் தோய்த்த துணிகள் கப்பலேறி, கடலைவிட நீலமாக, ஆப்பிரிக்காவின் மணற்காட்டை நோக்கி மிதந்து போயின.

"என்னா மாமா, தூங்கிட்டியா?"

"நம்ம ஆளுங்க நின்ன எடம்டா இது" என்றார் மிக்கேல். "சாதிப் பேரும் வேணாம், சாமிப் பேரும் வேணாம். நீலத்தொட்டித் தெருன்னு வைப்போம்."

பக்கிரி யோசித்தான். "எந்தச் சாமியா இருந்தாலும் துணி கட்டித்தானே ஆவணும். வை மாமா."

பலகை வந்தது. ஊர் வாய் மாறவில்லை. பலகை சாதியை ஒழிக்காது என்பது மிக்கேலுக்கும் தெரியும். அதனால் தெரு கூடி ஒரு முடிவு செய்தது: பழைய பெயரைச் சொல்லி யார் கேட்டாலும், அப்படி ஒரு தெரு இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், கிருஷ்ணசாமியின் தகப்பனார் இறந்துபோனார். பேண்டு பேச, அந்த வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அரியாங்குப்பம் கன்னியப்பன் வந்தான். தெருமுனைக் குழாயடியில் நின்ற ரோசாவிடம் பழைய பெயரைச் சொல்லி வழி கேட்டான்.

"அப்படி ஒரு தெரு இங்க இல்லீங்களே."

சுற்றிவிட்டு, வியர்த்து, திரும்பி வந்தான். "மிக்கேல் பேண்டும்மா. கிருஷ்ணசாமி ஐயா வூட்டுல சாவு. நேரமாவுது."

ரோசாவின் குடம் நிரம்பி வழிந்தது. "நீலத்தொட்டித் தெருவைக் கேக்குறீங்களா?"

"என்னாமோ ஒண்ணு."

"என்னாமோ இல்ல. பேரு சொல்லுங்க, வழி சொல்றேன்."

கன்னியப்பன் பலகையைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான். "நீலத்தொட்டித் தெரு."

"இதுதாங்க. மூணாவது வூடு."

மிக்கேல் மறுக்காமல் போனார். ஊர்வலம் புறப்படும்போது வீட்டம்மாள் அழுகைக்கு நடுவே, "யாரு பேண்டுடா?" என்றார்.

அலைந்த கால் வலி மறக்காத கன்னியப்பன் உரக்கச் சொன்னான். "நீலத்தொட்டித் தெரு பேண்டும்மா."

"நீலத்தொட்டித் தெருவா?" என்று அந்த அம்மாளின் வாய் திருப்பிச் சொன்னது.

மிக்கேல் அன்று கண்ணைத் திறந்துகொண்டு வாசித்தார். நாலடி போவதற்குள் இடறினார். பக்கிரி டிரம்மோடு சேர்த்துத் தாங்கிப் பிடித்தான்.