பச்சை ஜன்னல்

எங்கள் ஹாலில் இப்போது ஒரு பழைய தேக்கு ஜன்னல் இருக்கிறது. உள்ளே இரும்புக் கம்பிகள், கதவுகளில் உரிந்துபோன பச்சைப் பெயின்ட். வருகிறவர்கள் என் கண்ணாடியையும் கிரானைட்டையும் விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு என் ஓரகத்தியின் ஞாபகம் வரும். கூடவே வயிறும் எரியும்.

ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமனார், திருமுல்லைவாயிலில் வாங்கிப்போட்ட மனையை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்தபோது பழைய வீடு எங்கள் பாகத்துக்கு வந்தது. காலி இடமும் புங்கமரமும் கொழுந்தனாருக்குப் போயின. நாங்கள் பழையதை இடித்தோம். முகப்பேரில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடிதான் வேண்டும் என்று நின்றேன். என் வீட்டை அண்ணாந்து பார்க்காமல் தெருவில் ஒருத்தரும் போகக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை. இடிக்கிற அன்று ஓரகத்தி வந்தாள். “அக்கா, இந்தச் செங்கல்லு, ஜன்னலெல்லாம் நாங்க எடுத்துக்கவா?” என்றாள். தாராளமாக எடுத்துக்கொள் என்றேன். பாவம், புதுசு வாங்க வக்கில்லை என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்தும் போனேன்.

புருஷனும் பெண்டாட்டியுமாக மரத்தடியில் உட்கார்ந்து, கல் கல்லாகப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தார்கள். மரத்தை வெட்ட மனமில்லாமல் சுவரையே உள்ளே தள்ளிக் கட்டினாள். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாள். அங்கே விழும் மழைத் தண்ணீர் முழுவதும் கீழே தொட்டிக்குப் போகக் குழாய் வைத்தாள். செங்கல் சுவருக்கு எப்போது பூச்சு வேலை என்று கேட்டேன். “அவ்ளோதாங்கா, முடிஞ்சுது” என்று சிரித்தாள். எனக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்தி சித்திரை வரைக்கும்தான். கண்ணாடி வழியாக வெயில் சோபா வரை வந்து உட்கார்ந்துகொண்டது. ஏசி ஓடாவிட்டால் உள்ளே இருக்க முடியாது. மத்தியானத்தில் சாப்பிட்டதும் என் வீட்டுக்காரர் காணாமல் போக ஆரம்பித்தார். ஒரு நாள் தேடிக்கொண்டு போனேன். தம்பி வீட்டில், நான் தூக்கிக் கொடுத்த அதே ஜன்னலுக்குக் கீழே, வெறுந்தரையில் படுத்திருந்தார். கண்ணைக்கூடத் திறக்காமல், “இங்க சில்லுனு கீதுடி” என்றார். என் ஜன்னல், என் செங்கல், என் புருஷன். காற்று மட்டும் அவளுக்கா? அவளோ மோரைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பீற்றிக்கொண்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வீடு கட்டப்போகிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். வழி கேட்டால் தெருக்காரர்கள், ‘கண்ணாடி வீட்டுக்குப் பக்கத்து ஊடு’ என்று சொல்லி அனுப்பினார்கள். என் வீடு அவள் வீட்டுக்கு அடையாளமாகிப் போனது.

போன வருஷம் அவளும் கொழுந்தனாரும் மகனோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார்கள். வீட்டை வாங்கியவர் இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டப்போகிறார். இடிப்பதற்கு முன்னால் ஆள் வைத்து அந்த ஜன்னலைக் கழற்றி எனக்கு அனுப்பியிருந்தாள். உங்களுடையதுதானே என்று போனில் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஹால் சுவரை உடைத்து, புங்கமரம் தெரிகிற பக்கமாகப் பதித்தேன். அன்று மத்தியானமே அதன் கீழே பாயை விரித்துப் படுத்தேன். வேர்த்து ஊற்றியது. மரம் ஆடுகிறது, இலை ஆடுகிறது, காற்று மட்டும் உள்ளே வரமாட்டேன் என்கிறது. வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் செய்தேன்.

“எதிர்ல இன்னாக்கா கீது?”

“சுவருதான். டிவி மாட்டியிருக்கோம்.”

“வந்த காத்து எப்டிக்கா போவும்? போறதுக்கும் ஒரு வழி வேணாமா?”

சரி என்று வைத்துவிட்டேன். இதுவும் அவளுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டுமா என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை. வீட்டுக்காரர் அந்தப் பச்சை ஜன்னலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். எதிர்ச்சுவரை உடைக்க நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொல்ல மாட்டேன்.