எடுக்க விடாத கண்

என் கணவர் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த கோட்டர்ஸ் வரிசையில் எங்களுக்கு ஓர் அறை. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஒரு நாள் முற்பகலில் அவரோடு வேலை செய்தவர்கள் இருவர் வாசலில் வந்து நின்றார்கள். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, பயப்படாதே. கண்ணுல லேசா அடி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க" என்றார் ஒருவர். அவர் சட்டைத் தோளில் இரத்தம் இருந்தது.

அடிக்க அடிக்க உளியின் தலை பிசிறு பிசிறாக விரிந்துவிடும். அந்தப் பிசிறிலிருந்து ஓர் இரும்புச் சில் தெறித்து அவருடைய இடது கண்ணுக்குள் போயிருந்தது. நொய்யரிசி அளவுகூட இல்லை என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். வலது கண்ணால் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

கண் வார்டில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர். அதிகம் பேச மாட்டார். அவர் சொல்வதை எங்களுக்குச் சொன்னவர் யாழ்ப்பாணத்து டிரெசர். கட்டு மாற்றுவது, சொட்டு மருந்து விடுவது எல்லாம் அவர்தான். நாலைந்து நாள் கழித்து இருவரும் கட்டிலருகே வந்தார்கள். டாக்டர் பேசி முடிக்கும்வரை டிரெசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கண் இனிச் சரிவராது. எடுக்க வேணும்" என்றார் பிறகு. "அடிபட்ட கண்ணை உள்ளுக்க விட்டு வைச்சால் மற்றக் கண்ணும் பழுதாப் போகும். எல்லாருக்கும் அப்பிடி வராது. வந்தால் ஒண்டும் செய்யேலாது. அதாலதான் இப்பவே எடுக்கச் சொல்லுறார்."

என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். "ஐயா, இதுல எனக்கு வெளிச்சம் தெரியுது. கட்டை அவுக்கும்போது ஜன்னல் இருக்கிற பக்கம் தெரியுது. வெளிச்சம் தெரியிற கண்ணை எப்படி நான் எடுக்க விடுவேன்?"

டிரெசர் அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் தலையசைத்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னார், இன்னும் மெதுவாக. என் கணவர் மாட்டேன் என்றார். நானும் சொல்லிப் பார்த்தேன். "நீயும் என்னை ஒத்தைக்கண்ணனா பார்க்க ஆசைப்படறியா?" என்று கேட்டார். வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டு நாளில் புண் ஆறியதுபோல் இருந்தது; சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பத்துமலைக் குகைக் கோயிலில் வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை போனோம். இடது கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு, என் கையைப் பிடிக்காமல், அத்தனை மரப்படிகளையும் அவரே ஏறினார். குகைக்குள் மேலேயிருந்து வெளிச்சம் விழும் இடத்தில் நின்று துணியை விலக்கி, "தெரியுது" என்றார். நானும் நம்பினேன்.

பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கொஞ்ச காலம் வேலையும் செய்தார். ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், "விளக்குக் கண்ணாடியைத் துடைக்கலையா? ஒரே புகையா இருக்கே" என்றார். நான் அன்று காலையில்தான் சாம்பல் போட்டுத் துடைத்திருந்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வலது கண் சிவந்திருந்தது.

மறுநாள் ஓடினோம். டாக்டர் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். யாரும் எங்களைத் திட்டவில்லை. சொட்டு மருந்து, தைலம், மாத்திரை, இருட்டறையில் படுக்கை என்று வாரக்கணக்கில் செய்தார்கள். கூசுகிறது என்று ஜன்னலை மூடச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் மூடச் சொல்லவில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

பட்டறை வேலையோடு கோட்டர்ஸும் போயிற்று. அதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு சலவைக்காரர் வீட்டின் பின்கட்டில் அறை எடுத்தோம். டிரெசர்தான் எனக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை வாங்கித் தந்தார். கண் வார்டில், பெண்கள் பக்கம். கண்புரை அறுத்தவர்கள் தலையை அசைக்கக் கூடாது; இரண்டு பக்கமும் மணல் மூட்டை அணைவைத்து மல்லாந்தே கிடப்பார்கள். அவர்களுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டுவேன். இருமல் வந்தால் பிடித்துக்கொள்வேன். கட்டுத் துணிகளை அவித்துக் காயப்போடுவேன். கட்டுப் பிரிக்கும் நாளில் சிலர் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "நீதானா அது? குரலை வச்சு வயசானவளுன்னு நெனச்சேன்" என்றாள் ஒரு தோட்டத்துக் கிழவி. சிரித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் அதைச் சொல்ல முடியாது. அவர் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அவர்மேல் எனக்கு இரக்கம் இருந்தது. கோபமும் இருந்தது. கோபத்தைக் காட்ட இடமில்லாததால் அது போகவும் இல்லை.

சில வருஷம் இப்படியே போயிற்று. ஒரு நாள் வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் கல்மலையில் கல் உடைப்பவர். கல் சில் கண்ணில் பாய்ந்துவிட்டது. கண்ணை எடுக்க வேண்டும் என்கிறார்கள், அவர் சம்மதிக்கவில்லை.

"வெளிச்சம் தெரியுதாம் அக்கா. எடுத்தா செத்துருவேன்னு சொல்றாரு" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து சோறு போட்டுவிட்டு அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்தார். விடிந்ததும் பட்டறைக்குப் போடும் காக்கிக் கோட்டை எடுக்கச் சொன்னார்.

"என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

கண் போனபின் ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தார். டிரெசர் அவரைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்து, கல் உடைப்பவரின் கட்டிலருகே நாற்காலி போட்டார். அந்தப் பெண்ணும் நானும் கால்மாட்டில் நின்றோம்.

"வெளிச்சம் தெரியுதா?" என்று கேட்டார் என் கணவர்.

"தெரியுதுண்ணே. நல்லாத் தெரியுது."

"எனக்கும் தெரிஞ்சுது. அதை நம்பித்தான் போனேன். அது ஒரு மாசம் தெரிஞ்சுது. அப்புறம் நல்ல கண்ணும் சேர்ந்து போச்சு."

கல் உடைப்பவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பாமல் அப்படியே காட்டிக்கொண்டிருந்தார்.

"எடுக்கும்போது ரொம்ப வலிக்குமாண்ணே?"

"எனக்குத் தெரியாது. நான்தான் எடுக்கவே விடலையே."

கல் உடைப்பவர் தன் மனைவியைப் பக்கத்தில் வரச் சொன்னார். "ஐயாகிட்ட சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் போல இருந்துவிட்டு, ஒரு கண்ணோடு, மனைவிக்கு முன்னால் நடந்து வாசலைக் கடந்து போனார். கண்ணாடிக் கண் ஒன்று வரவழைத்துக் கொடுத்தார்கள். உறுத்துகிறது என்று போட்டுக்கொள்ளவே இல்லையாம்.

கல் உடைப்பவரிடம் பேசிவிட்டு அன்று திரும்பும் வழியில் ரிக்‌ஷாவில் என் கணவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு அழுதாளா?"

"அழுதா."

"நீ அன்னிக்கு அழுதியா?"

"குழாயடியில போய் அழுதேன்."

"என் காதுல விழலையே" என்றார். என் கையைத் தேடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என்னுடைய கோபம் அன்றோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வார்டில் நடப்பதை அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவரும் கேட்டார்.

இப்படி யாராவது பிடிவாதம் பிடித்தால் டிரெசர் சொல்லியனுப்புவார். காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவோம். பலர் சம்மதித்தார்கள். கிள்ளானிலிருந்து வந்த தச்சர் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கும்பிட்டு, அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தகவல் இல்லை. கிள்ளானிலிருந்து யாராவது வார்டுக்கு வந்தார்கள் என்று சொன்னால் போதும், "அந்தத் தச்சரைப் பத்தி விசாரிச்சியா?" என்பார் என் கணவர்.