கலியமூர்த்தியின் வெளியூர் ஆட்டம்

ஆவடி குவார்ட்டர்ஸ் டீக்கடையில் யார் கிரிக்கெட் பேச்சை எடுத்தாலும் கலியமூர்த்தி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: வெளிநாட்டில் எவ்வளவு அடித்தான்? சென்னையில் இரட்டைச் சதம், கான்பூரில் சதம் என்று நான் அடுக்கினால் காதிலேயே வாங்க மாட்டார்.

"அதெல்லாம் ஊட்டு சாப்பாடு நைனா. ஊட்டு சாப்பாட்ல எவன் எளைப்பான்? மெஸ் சாப்பாட்ல தேறுறானா, அத்த சொல்லு."

எனக்குப் பிடித்த ஆட்டக்காரரை ஒருநாள் பேச்சிலேயே இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று நாடு நாடாகக் கூட்டிப்போய் அவுட்டாக்கினார். தன்னூருக்கு ஆனை, அயலூருக்குப் பூனை என்று கடைசியில் ஒரு முத்திரை வேறு. எனக்கு வந்த கோபத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்படிப் பேசுகிறவர் எங்கே ஆடினார் என்று மட்டும் கேட்கக் கூடாது. பிறந்ததே குவார்ட்டர்ஸில். அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் ஃபிட்டர், நான் அவருக்கு ஜூனியர். அவர் ஆடியதெல்லாம் எங்கள் மைதானம்தான். அங்கே ஒரு பக்கம் ஆபீசர் வீட்டுச் சுவர். பந்து சுவரைத் தாண்டினால் அவுட். போதாததற்கு, அடித்தவனே போய் வசவு வாங்கிக்கொண்டு எடுத்துவர வேண்டும். அதனால் நாங்கள் யாரும் தூக்கி அடிக்க மாட்டோம். தரையோடு தரையாக விரட்டுவதில் கலியமூர்த்தியை மிஞ்ச ஆள் கிடையாது. அதை நான் மனசார ஒப்புக்கொள்வேன்.

போன வருஷம் ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருமழிசைப் பக்கம் மகள் கார்த்திகா வாங்கிய ஃபிளாட்டுக்கு மனைவி ஞானம்மாளோடு குடிபோனார். போனாரே தவிர, சாயங்காலம் ஆனால் பூந்தமல்லியில் பஸ் மாறி எங்கள் டீக்கடைக்கு வந்துவிடுவார். எதிர் வீட்டுக்காரர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஞானம்மாள் எனக்கு ஃபோன் செய்து அழாத குறையாகச் சொன்னார்.

"தம்பி, இங்க விருந்தாளி மாதிரி கீறாரு. அவரு பொட்டிய இன்னும் பிரிக்கவே இல்ல. நீயாச்சும் வந்து சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஃபிளாட்டுக்குப் பின்னால் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் குறைகிறது, வருகிறீர்களா என்று இரண்டாம் மாடி கோகுல்நாத் கேட்டார். கலியமூர்த்தி தயங்கினார். நான்தான் தள்ளிவிட்டேன்.

அந்த இடத்துச் சட்டம் வேறு. ஓரமாக நிற்கும் காரில் பந்து பட்டால் அவுட். காருக்கு மேலே தூக்கி, அந்தப்பக்கத்துக் காலி மனையில் போட்டால்தான் நாலு. கோகுல்நாத் முதலிலேயே சொல்லித்தான் அனுப்பினார். கைப்பழக்கம் கேட்குமா? முதல் பந்தையே காலை எடுத்துவைத்துத் தரையோடு ஒரு அடி. அழகென்றால் அப்படியொரு அழகு. பந்து நேராகப் போய் ஒரு காரின் டயரில் இடித்து நின்றது.

கலியமூர்த்தி பேட்டைக் கொடுக்கவில்லை. "எங்க கிரவுண்டுல இது நாலு."

"இருக்கலாம் அங்கிள்," என்றார் கோகுல்நாத், மரியாதையாகத்தான். "ஆனா இது எங்க கிரவுண்டு."

கலியமூர்த்தியின் முகம் சுண்டிப்போனது. பேட்டைக் கீழே வைத்துவிட்டு என்னோடு ஆவடிக்கு பஸ் ஏறிவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எத்தனையோ வருஷத்து எரிச்சலும் உள்ளே இருந்தது. ஞானம்மாள் சொல்லச் சொன்னதை இந்த மனுஷனுக்கு வேறு எந்த பாஷையில் சொல்வது? டீ வந்ததும் கேட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, வெளியூர்ல முட்டையா? அப்ப நீயும் ஊட்டு சாப்பாடுதானா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் டீயைக் குடித்து முடித்தார்.

"ஒரு இன்னிங்ஸ வெச்சி எவனையும் எட போடக் கூடாது. டூரு இப்பத்தானே ஆரம்பிச்சிக்கீது," என்றார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அவர் வரவில்லை. எப்படியும் வந்துவிடுவார் என்று அவருக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தேன். ஆறிக்கொண்டிருந்தது. மனசு கேட்காமல் ஃபோன் போட்டேன். ஞானம்மாள் எடுத்தார்.

"காலைல பொட்டிய பிரிச்சி ஷூவ தேடி எடுத்தாரு தம்பி. கீழ அந்தப் புள்ளைங்களோட கீறாரு. தூக்கி அடிக்கப் பழகினு கீறாராம்."

நல்லது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். சந்தோஷம்தான். அவருடைய டீயையும் நானே குடித்தேன். பக்கத்து பெஞ்சில் யாரோ கிரிக்கெட் பேச ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் எவ்வளவு அடித்தான் என்று கேட்க ஆளில்லாததால், நானே கேட்டேன்.